கடல் யாருக்கு? (பகுதி 14): நாட்டின் பெயர்ப்பலகை இல்லாத தலைவர்

1978 மார்ச் 28. ஜெனீவாவில் ஐ.நா. கடல் சட்ட மாநாட்டின் ஏழாவது கூட்டத்தொடர் தொடங்கும் நாள். முந்தைய ஆண்டு ஜூலையில் முழு வரைவு ஒன்று தயாராகியிருந்ததைச் சென்ற பகுதியில் பார்த்தோம். இனி உட்கார்ந்து பிரிவு பிரிவாகப் பேரம் பேச வேண்டியதுதான் பாக்கி என்ற நினைப்போடு உலகத்தின் தூதர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். ஆழ்கடல் கனிமம், மீன்வளம், கப்பல் பாதை, கண்டத்திட்டு என்று ஆளுக்கொரு கோப்பு. அந்தக் கோப்புகள் எதையும் உடனே திறக்க முடியவில்லை. அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று குறுக்கே நின்றது: தலைவர் நாற்காலியில் யார் உட்காருவது?

நாற்காலி காலியாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. இலங்கையைச் சேர்ந்த ஹாமில்டன் ஷெர்லி அமரசிங்க 1973 டிசம்பரிலேயே மாநாட்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அதற்கும் ஐந்து ஆண்டுகள் முன்பிருந்து கடற்படுகைக் குழுவின் தலைவர். மால்டாவின் தூதர் ஆர்விட் பார்டோ 1967 நவம்பர் 1ஆம் தேதி, கடலடிச் செல்வம் மனித குலத்தின் பொதுச் சொத்தாக வேண்டும் என்று பேசிய பேச்சிலிருந்து கிளம்பிய வேலை அது. பார்டோ விதைத்தார், அமரசிங்கதான் அதைப் பத்தாண்டுகள் தலையில் சுமந்தவர். ஆனால் 1977 ஜூலையில் இலங்கையில் தேர்தல் நடந்து சிறிமாவோ பண்டாரநாயக்க தோற்றார். ஜே. ஆர். ஜெயவர்த்தன ஆட்சிக்கு வந்தார். ஜெனீவாவில் அடுத்த கூட்டத்தொடர் தொடங்கியபோது இலங்கைத் தூதுக்குழுவின் பட்டியலில் அமரசிங்கவின் பெயர் இல்லை.

உலகம் ஒருவரைத் தலைவராக வைத்திருக்கிறது. சொந்த நாடு அவரைத் தன் பிரதிநிதிகளில் ஒருவராகக்கூட அனுப்பவில்லை. அவர் தலைவராகத் தொடரலாமா, கூடாதா?

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இந்தக் கேள்வியை யாரிடம் சொன்னாலும் அதிகம் விளக்க வேண்டியிருக்காது. பசியாவரத்துக்குப் பக்கத்தில் உள்ள கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர்களிடையே ‘பாடு’ என்ற முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகப் படும் இடங்கள் சிலதான். வலை கட்டும் ஆட்கள் பலர். அதனால் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். முறை வந்தவன் கட்டுவான், மற்றவன் காத்திருப்பான். ஆனால் அந்த முறை ஆளுக்கு மட்டும் வருவதில்லை. ஊர்க் கணக்கில் தலைக்கட்டாகப் பெயர் இருந்தால்தான் சீட்டில் பெயர் விழும். பெயர் இல்லை என்றால் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் பாடு கிடையாது. பாடு இல்லாத ஊர்க்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டின் மேல் தீராத மனக்குறை உண்டு. அந்தச் சண்டைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

1978இல் ஜெனீவாவில் கிளம்பியதும் இதே கேள்விதான். நாற்காலி ஆளுக்கா, ஊருக்கா?

பதில் தெரிய வேண்டுமென்றால் அந்த நாற்காலி எப்படிக் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். சர்வதேச அமைப்புகளில் பெரிய பதவிகள் தகுதி பார்த்துத் தரப்படுகின்றன என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் சொல்லும். தகுதி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது வாசற்படி வரைதான் கொண்டுபோய் விடும். உள்ளே போக வேண்டுமானால் முதலில் உங்கள் கண்டத்தின் முறை வந்திருக்க வேண்டும். ஐ.நா.வில் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, கிழக்கு ஐரோப்பா, மேற்கு ஐரோப்பாவும் மற்றவையும் என்று ஐந்து குழுக்கள் இருந்தன. 1973இல் கடல் சட்ட மாநாட்டின் பதவிகளைப் பங்கு போட்ட விதத்தைப் பாருங்கள். மாநாட்டுத் தலைமை ஆசியாவுக்கு, அமரசிங்க. ஆழ்கடல் கனிமத்தைப் பேசும் முதல் குழு ஆப்பிரிக்காவுக்கு, கேமரூனின் பால் பமேலா எங்கோ. கடல் எல்லைகளைப் பேசும் இரண்டாவது குழு லத்தீன் அமெரிக்காவுக்கு, வெனிசுவேலாவின் ஆந்த்ரேஸ் அகிலார். மாசு, ஆராய்ச்சி பற்றிய மூன்றாவது குழு கிழக்கு ஐரோப்பாவுக்கு, பல்கேரியாவின் அலெக்சாண்டர் யான்கோவ். வரைவுக் குழு மேற்கத்திய நாடுகளுக்கு, கனடாவின் ஆலன் பீஸ்லி. ஒரு பந்தியில் ஐந்து இலை போட்டது போல, யாருக்கும் குறை வைக்காத பரிமாறல்.

இப்படிப் பங்கு பிரிந்த பிறகு நிஜமான போட்டி அந்தந்தக் குழுவின் பூட்டிய அறைக்குள் நடக்கும். அங்கே மேடைப்பேச்சு எடுபடாது. மதியச் சாப்பாட்டிலும் நடைபாதைக் காப்பியிலும் பேச்சு முடிந்துவிடும். ‘இந்தப் பதவிக்கு எங்கள் ஆளை ஆதரியுங்கள், அடுத்த ஆண்டு அந்தக் குழுவில் உங்கள் ஆளுக்கு எங்கள் வாக்கு’ என்பது அங்கே புழங்கும் நாணயம். எழுத்தில் வாக்குறுதி வாங்குகிறவன் புத்திசாலி. வாய்வார்த்தையை நம்புகிறவன் வாக்குப் பெட்டி திறந்ததும் முகம் வாடிப்போவான். ரகசிய வாக்கெடுப்பு என்பதே வாக்குறுதி தந்தவருக்குப் பின்வாசல் திறந்துவைக்கும் ஏற்பாடு. அந்த நடைபாதைகளில் அமரசிங்க கைதேர்ந்தவர். 1937இல் சிலோன் சிவில் சர்வீஸில் சேர்ந்து, திறைசேரிச் செயலாளராக இருந்து, பிறகு டெல்லியில் இலங்கையின் ஹைகமிஷனராக ஆனவர். மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை தரவும் இரு பிரதமர்கள் ஒப்புக்கொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர் டெல்லியில் இருந்த காலத்தில்தான் ஏற்பட்டது. லட்சக்கணக்கான தலைகளை வைத்துப் பேரம் பேசிய அந்த ஒப்பந்தத்தைப் பார்த்தவருக்கு, வாக்குகளை வைத்துப் பேசும் பேரம் கடினமாகத் தோன்றியிருக்காது.

1967இல் ஐ.நா.வுக்குப் போனார். கொழும்பில் 1970இல் ஆட்சி மாறியும் பதவியில் நீடித்தார். 1976இல் ஐ.நா. பொதுச்சபையின் 31ஆவது கூட்டத்தொடருக்கே தலைவரானார். அதுவும் ஆசியாவின் முறை வந்த ஆண்டு. ஒரே மனிதர் உலகத்தின் சபைக்கும் உலகத்தின் கடலுக்கும் தலைவர். 1970இல் தப்பியவர் 1977இல் தப்பவில்லை.

ஜெனீவாவில் எதிர்ப்பு முக்கியமாக லத்தீன் அமெரிக்கத் தூதுக்குழுக்களிடமிருந்து வந்தது. அவர்கள் வாதம் எளிது, சட்டப்படி பலமானதும்கூட. மாநாட்டின் விதிமுறைப்படி தலைவரும் துணைத் தலைவர்களும் கலந்துகொள்ளும் நாடுகளின் பிரதிநிதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர்கள். பிரதிநிதி அல்லாத ஒருவர் எந்த உரிமையில் சுத்தியலைத் தட்டுவார்? நாளை ஒரு நெருக்கடியில் அவர் யாருக்குப் பதில் சொல்வார்? ஆசியக் குழு விடவில்லை. தலைமை ஆசியாவுக்கு வந்தது, அதற்கு ஆசியா அனுப்பிய ஆள் இவர், இவரை மாற்றும் எண்ணம் எங்களுக்கு இல்லை என்று நின்றது. கொழும்பின் நிலை விசித்திரமானது. தன் தூதுக்குழுவில் அவருக்கு இடம் தரவில்லை, அவர் தலைவராகத் தொடர்வதைத் தடுக்கவும் இல்லை. வீட்டுக்குள் விடாமல், திண்ணையில் உட்காரச் சொல்வது போன்ற நிலை என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்குத் தோன்றுவது, விதிமுறைச் சண்டைக்குள்ளே வேறு ஒரு கவலை ஒளிந்திருந்தது. அந்த மாநாட்டில் தலைவர் பதவி வெறும் மரியாதைப் பதவி அல்ல. வாக்கெடுப்பு இல்லாமல் எல்லோரும் ஒத்துப்போய் முடிவெடுக்க வேண்டும் என்பது தொடக்கத்திலேயே செய்துகொண்ட கனவான் ஒப்பந்தம். யாராவது வாக்கெடுப்பு கேட்டாலும், சமரசத்துக்கு முயல்வதற்காகப் பத்து நாட்கள் வரை அதைத் தள்ளிவைக்கும் அதிகாரம் தலைவரிடம் இருந்தது. அதைவிட முக்கியம், வரைவு எழுதும் பேனா தலைவரிடமும் குழுத் தலைவர்களிடமும் இருந்தது. நூற்றைம்பது நாடுகள் மாறி மாறிப் பேசியதிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது, எந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்பதை அவர்கள்தான் எழுதினார்கள். எழுதப்பட்ட வாக்கியத்தை மாற்ற வேண்டுமானால் பெரும் ஆதரவு திரட்ட வேண்டும். அதனால் வரைவில் ஏறிவிட்ட சொல் பாதி சட்டம் மாதிரி. அப்படிப்பட்ட பேனாவை எந்த நாட்டுக்கும் கட்டுப்படாத ஒருவரிடம் விட்டுவைக்கலாமா என்பது ஒருபக்கம். ஒரு நாற்காலியை அசைத்தால் எங்கோ, அகிலார், யான்கோவ், பீஸ்லி என்று மற்ற நான்கும் ஆடுமே என்பது மறுபக்கம். இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்திருக்க வேண்டும். புதிய தலைவர் என்றால் பங்கீட்டை மறுபடி தொடக்கத்திலிருந்து பேச வேண்டியிருக்கும். ஐந்து ஆண்டு உழைப்புக்குப் பிறகு அதற்கு யாருக்கும் தெம்பு இல்லை.

நாட்கள் ஓடின. ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் நடந்து, தலைநகரங்களிலிருந்து ஆணை வாங்கி, பேசிப் பேசி, கடைசியில் ஏப்ரல் முதல் வாரத்தில் விஷயம் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிலும் வாக்கெடுப்பு வேண்டாம் என்று சத்தியம் செய்துகொண்ட மாநாடு, தன் தலைவர் விஷயத்தில் வாக்கெடுப்பு நடத்த வேண்டியதாயிற்று. பெரும்பான்மை அமரசிங்கவின் பக்கம் நின்றது. தம் நாட்டுத் தூதுக்குழுவில் உறுப்பினராக இல்லாவிட்டாலும் அவரே மாநாட்டின் தலைவர் என்று மாநாடு உறுதி செய்தது. சர்வதேச மாநாடுகளின் வரலாற்றில் இப்படி ஒரு வாசகம் அபூர்வம். தோற்றவர்கள் தங்கள் மறுப்பைப் பதிவு செய்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். அதே மாதத்திலேயே மாநாடு கடினமான பிரச்சினைகளுக்கு ஏழு பேச்சுக் குழுக்களை அமைத்தது. பேனாவுக்கும் கடிவாளம் போட்டது: வரைவைத் திருத்துவது தலைவர், குழுத் தலைவர்கள் எல்லோருடைய கூட்டுப் பொறுப்பு, பரவலான ஆதரவு தெரியாமல் எதையும் திருத்தக் கூடாது. அமரசிங்கவுக்கு நாற்காலி கிடைத்தது, பேனாவின் சுதந்திரம் குறைந்தது. பேரம் என்றால் அப்படித்தான்.

பசியாவரத்தில் அன்று மீன்பிடிக்கப் போனவர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. நெடுங்காலம் பழவேற்காட்டுக்கு வர வேண்டுமென்றாலே படகை நம்பிய ஊர். ஒருபக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக் கடல். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போகக் கூடாது என்ற தடையை மட்டும் அவர்கள் நன்றாக அறிவார்கள். ஆனால் அமரசிங்க காத்த வரைவு அந்த ஊரின் கடலைத்தான் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தது. இந்தியா அந்த வரைவு சட்டமாகும்வரை காத்திருக்கவில்லை. 1976இல் அரசியலமைப்பின் 297ஆவது பிரிவைத் திருத்தி, கடல் எல்லைகள் சட்டத்தையும் நிறைவேற்றியது. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டர், நாட்டின் ஆட்சிக் கடல். 200 கடல் மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம். ஆட்சிக் கடலுக்குள் மீன்பிடிப்பு மாநிலத்தின் அதிகாரம், அதற்கு வெளியே மத்திய அரசின் அதிகாரம். மீனுக்கு இந்தக் கோடு தெரியாது. வலை வீசுகிறவனுக்குக் கடலில் தெரிவது எத்தனை பாகம் தண்ணீர் என்ற கணக்குதான்.

அதே ஆண்டுகளில் தமிழகக் கரையில் விசைப்படகுக்காரர்களும் கட்டுமரக்காரர்களும் மோதிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையின் விளைவாக வந்ததுதான் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து 3 கடல் மைல் பாரம்பரிய மீனவர்களுக்கு. ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் 200 மைலுக்கு அவ்வளவு ஆள் பிடித்தார்கள், இங்கே 3 மைலுக்கு மீனவன் அடிபட வேண்டியிருந்தது. 3 மைலுக்கு அங்கே யாரும் வாதாடவில்லை. கச்சத்தீவையும் 1974, 1976 ஒப்பந்தங்களையும் பத்தாம் பகுதியில் விரிவாகப் பார்த்துவிட்டதால் இங்கே திரும்பச் சொல்லவில்லை. அவை டெல்லியும் கொழும்பும் நேருக்கு நேர் முடித்துக்கொண்டவை. மாநாட்டின் கை அதில் இல்லை.

வங்கக் கடல் விஷயத்தில் மாநாட்டின் கை நேரடியாகவே இருந்தது. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையைக் கரைத்துக் கொண்டுவந்து கொட்டும் வண்டல் வங்கக் கடலின் அடியில் பல கிலோமீட்டர் தடிமனில் கிடக்கிறது. கண்டத்திட்டு எங்கே முடிகிறது என்பதற்கு மாநாடு வகுத்த பொது விதி இந்த வண்டலுக்குப் பொருந்தாது, தங்களுக்குச் சேர வேண்டிய கடலடியில் பாதிக்கு மேல் போய்விடும் என்று இலங்கை வாதாடியது. வாதாடியவர்களின் முன்னணியில் நின்றவர் கிறிஸ்டோபர் பிண்டோ. தலைவர் நாற்காலியில் இருந்தவரும் இலங்கையர், தூதுக்குழுவில் வாதாடியவரும் இலங்கையர், ஆனால் அப்போது இருவரும் ஒரே தூதுக்குழுவில் இல்லை என்பதுதான் வேடிக்கை. 1980 ஆகஸ்ட் 29ஆம் தேதி வங்கக் கடலின் தென்பகுதிக்குத் தனி அளவுகோல் தரும் புரிந்துணர்வு அறிக்கையை மாநாடு ஏற்றது. வண்டல் ஒரு கிலோமீட்டர் தடிமன் உள்ள இடம்வரை கோட்டை நீட்டிக்கொள்ளலாம். ஓர் ஒப்பந்தம் முழுக்க உலகத்துக்குப் பொதுவாக எழுதப்பட்டு, ஒரே ஒரு கடலுக்கு மட்டும் பெயர் சொல்லிச் சலுகை தருவது லேசான காரியம் அல்ல. சின்ன நாடு ஒன்றின் ராஜதந்திரம் பெற்ற பெரிய வெற்றி இது. அந்த அளவுகோலின்படி இலங்கை தன் கோரிக்கையை ஐ.நா.வில் தாக்கல் செய்த நாள் 2009 மே 8. முள்ளிவாய்க்காலில் போரின் கடைசி நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அமரசிங்க ஒப்பந்தம் நிறைவேறியதைப் பார்க்கவில்லை. 1980 டிசம்பர் 4ஆம் தேதி காலமானார். நாற்காலி இந்த முறை நிஜமாகவே காலி.

1981 மார்ச் 9, நியூயார்க். பத்தாவது கூட்டத்தொடர். மாநாட்டுக்கு இரட்டை அடி. ஒன்று தலைவர் இல்லை. இன்னொன்று, ஜனவரியில் பதவியேற்ற ரீகன் அரசு, வரைவை முழுதாக மறுபரிசீலனை செய்யப் போவதாக அறிவித்துவிட்டது. கூட்டம் தொடங்குவதற்கு முந்தைய வார இறுதியிலேயே அமெரிக்கத் தூதுக்குழுவின் தலைமையை மாற்றியது. ஆசியாவின் நாற்காலி என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்த ஆசியர் என்பதைத் தீர்க்கத்தான் அந்த வாரம் போயிற்று. மார்ச் 13ஆம் தேதி சிங்கப்பூரின் டாமி கோ தேர்ந்தெடுக்கப்பட்டார். வயது 43. சட்டப் பேராசிரியர், எல்லோரிடமும் சிரித்துப் பேசி வேலை வாங்கும் சுபாவம். சொந்த நாட்டின் முழு ஆதரவு கூடவே இருந்தது. சிங்கப்பூருக்கு 200 மைல் மண்டலம் கிடைக்கும் அளவுக்குக் கடல் இல்லை. மீன்வளப் பேராசையும் இல்லை. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து வந்தவர் என்பதே அவருக்குப் பலம் என்பது என் கணிப்பு.

அதே கோ ஆறு மாதம் கழித்து இன்னொரு நாற்காலிக்கும் நின்றார். 1981இல் ஐ.நா. பொதுச்சபைத் தலைமை மறுபடியும் ஆசியாவின் முறை. ஆசியக் குழுவால் ஒரே பெயரைச் சொல்ல முடியவில்லை. ஈராக்கின் இஸ்மத் கிட்டானி, வங்கதேசத்தின் க்வாஜா முகம்மது கைசர், டாமி கோ என்று மூவர் களத்தில் நின்றார்கள். குழுவுக்குள் முடிய வேண்டிய விஷயம் அம்பலத்துக்கு வந்தது. செப்டம்பர் 15ஆம் தேதி முதல் சுற்றில் கோ மூன்றாவதாக வந்தார். இரண்டாவது சுற்றில் கிட்டானிக்கு 73, கைசருக்கு 73. உலகத்தின் நாடுகளெல்லாம் மாதக்கணக்கில் விருந்து வைத்து, வாக்குறுதி வாங்கி, தந்தி அடித்து ஆள் சேர்த்ததெல்லாம் சரிசமமாய் வந்து நின்றது. விதிப்படி இனி சீட்டுக் குலுக்கல்தான். பதவி விலகும் தலைவர் மேற்கு ஜெர்மனியின் ருடிகர் ஃபான் வெக்மார் சீட்டை எடுத்தார். வந்தது கிட்டானியின் பெயர். கோட்டைக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் அங்கே இருந்திருந்தால், இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்டிருப்பார்.

நாட்டின் ஆதரவு இல்லாமல் உலகப் பதவியில் உட்கார முடியுமா என்ற கேள்வி அமரசிங்கவோடு முடிந்துவிடவில்லை. இந்த மாநாடு பெற்ற பிள்ளைகளில் ஒன்று ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கும் சர்வதேசக் கடற்படுகை ஆணையம். அதன் முதல் தலைமைச் செயலர் ஃபிஜியின் சத்ய நந்தன், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வம்சாவளி. மாநாட்டில் பேச்சுக் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கிப் பழகியவர், 1996 முதல் 2008 வரை பதவியில் இருந்தார். பின்னாளில் அதே பதவியில் இருந்த பிரிட்டிஷ்காரர் மைக்கேல் லாட்ஜ் 2024இல் மூன்றாவது முறையாகப் போட்டியிட்டபோது அவரை முன்மொழிந்தது பிரிட்டன் அல்ல, பசிபிக் தீவு நாடான கிரிபாட்டி. தன் நாட்டின் பெயர்ப்பலகை இல்லாவிட்டால் இன்னொரு நாட்டின் பலகையைக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று உலகம் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தது. அமரசிங்கவுக்கு அந்த வழி தோன்றியதாகத் தெரியவில்லை. லாட்ஜுக்கும் அது உதவவில்லை. ஆகஸ்ட் 2ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் பிரேசிலின் லெடிசியா கார்வாலோ 79 வாக்குகளும் லாட்ஜ் 34 வாக்குகளும் பெற்றார்கள்.

பொதுச்சபைத் தலைமை கைநழுவியதால் டாமி கோவுக்கு முழு நேரமும் கடலுக்கே மிஞ்சியது. 1982 ஏப்ரல் 30ஆம் தேதி, அமெரிக்கா கேட்டுக்கொண்டபடியே, ஒப்பந்தத்தை வாக்கெடுப்புக்கு விட்டார். ஆதரவு 130. எதிர்ப்பு 4: அமெரிக்கா, இஸ்ரேல், துருக்கி, வெனிசுவேலா. நடுநிலை 17. எதிர்த்து வாக்களித்த வெனிசுவேலாவின் தலைநகரில்தான் எட்டு ஆண்டுகள் முன்பு இந்தப் பேச்சு உண்மையில் சூடு பிடித்தது. அது ஏன் எதிர்த்தது, இந்தியா 1995இல் கையெழுத்தை உறுதி செய்யும்வரை பசியாவரத்தின் கடலில் என்ன நடந்தது என்பது அடுத்த பகுதியில்.